மாயன் கெபியில் ஆறு கோடு

பேத்துப்பாறையிலிருந்து சோலைக்காட்டுக்குள் இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு குகை வரும். பாறை எத்தனை லட்சம் வருஷத்துப் பழசு என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதன் பெயருக்கு மட்டும், எண்பத்து நாலாம் வருஷத் தை மாதத்தில், சரியாக ஏழரை வயது. 'மாயன் ஒளிஞ்ச பொடவு' என்று ஊர் சொல்லும். ஒளிந்த மாயனுக்கு ஐம்பது வயது. உயிரோடு, திடகாத்திரமாக, தினமும் இரண்டு வேளை நாச்சிமுத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தான் ஒளிந்த கதையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி கந்தம்மாளுக்கு அந்தப் பொடவின் பேரைக் கேட்டாலே வயிறு எரியும். எரிகிற வயிற்றில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பும் உண்டு. அந்தக் கதையை மட்டும் யாரும் எந்த பெஞ்சிலும் உட்கார்ந்து சொன்னதில்லை.

நடந்தது இதுதான். எழுபத்தாறு, எமர்ஜென்சி, ஆடி மாதம். குடும்பக் கட்டுப்பாட்டு கேம்ப் என்று ஒரு ஜீப் ஊருக்குள் வந்தது. நிறையப் பிள்ளை பெற்ற ஆண்களின் பட்டியலில் மாயன் பெயர் மூன்றாவது. ஜீப் சத்தம் வளைவில் கேட்டதும் மாயன் கிளம்பிவிட்டான். விறகு வெட்டி வாங்க என்று கந்தம்மாள் நாலு தரம் சொன்னால் ஒரு தரம் அசைகிற மனுஷன், அன்றைக்குக் காட்டுக்குள் போன வேகத்தில் ஒரு செருப்பு ஓடையிலேயே நின்றுவிட்டது.

பொடவில் பதினோரு நாள் இருந்தான். பொழுது போகாமல் அடுப்புக்கரியால் சுவரில் நாள் குறித்தான். பெண்டாட்டி சோறு கொண்டுவந்த நாளுக்குப் புள்ளி, வராத நாளுக்குக் கோடு. முதல் ஐந்து நாள் கந்தம்மாள் புல்லறுக்கப் போகிற மாதிரி வெள்ளனே கிளம்பி, கூடைக்கு அடியில் தூக்குப்போணியை மறைத்துக்கொண்டு போனாள். ஐந்து புள்ளி. அதற்குப் பிறகு ஆறு நாள் அவள் வரவில்லை. ஆறு கோடு. அந்த ஆறு நாளும் யாரோ கைவிட்ட தோட்டத்தில் விழுந்து கிடந்த பேரிக்காயைத் தின்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் நாள் அவள் வந்து, "ஜீப்பு போயிருச்சு, வாங்க" என்றாள்.

ஊருக்குள் வந்தவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பட்டியலில் இருந்த மற்றவர்களெல்லாம் காலை அகட்டி நடந்துகொண்டிருக்க, அரசாங்கத்தின் கையில் சிக்காத ஒரே ஆம்பிளை இவன். டீக்கடையில் அந்தப் பெருமையைப் பேசிய சூட்டோடு, "பொண்டாட்டி மட்டும் ஆறு நாளு பட்டினி போட்டுட்டாப்பா" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னான்.

எதிரே குழாயடியில் குடத்தோடு நின்ற கந்தம்மாள் அதைக் கேட்டாள். அந்த ஆறு நாளும் அவள் கிடந்தது ஆஸ்பத்திரியில். "வீட்டுக்கு ஒரு ஆளு வரணும். புருஷன் இல்லன்னா நீ வா. யாருமே வரலன்னா புறம்போக்குல நிக்கிற இந்தக் குடிசை நிக்காது" என்று ஜீப்பில் வந்த ஒருவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தனக்குப் பதிலாகப் பெண்டாட்டியை அனுப்பினவன் என்று ஊர் மாயனைப் பார்த்துச் சிரிக்குமே என்று, ஆயக்குடியில் இருக்கிற ஆத்தா வீட்டுக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். யார் கையிலாவது சோறு கொடுத்தனுப்பலாம் என்றால் அவன் இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். பட்டியலில் அவன் பேரை அவர்கள் இன்னும் அடிக்கவில்லை. தையல் பிரித்த மறுநாளே, மேடு பள்ளம் ஏறாதே என்று நர்சு சொன்னதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு, பொடவுக்கு நடந்தாள்.

அன்றைக்கே சொல்லியிருப்பாள். ஆனால் டீக்கடையில் அவன் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வயதுக்கும் மேல் வாழ்ந்து, ஒரு காரியத்துக்காவது ஒருத்தராவது பாராட்டியது அவனுக்கு அதுதான் முதல் தரம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த நாளை வரவேயில்லை. ஏழரை வருஷம். சனி பிடித்திருந்தால்கூட அதற்குள் இறங்கிப் போயிருக்கும்.

இந்த ஏழரை வருஷத்தில் மாயன் கவனிக்காமல் விட்டவற்றுக்குக் குறைவில்லை. தழும்பைப் பார்த்து ஒரே ஒரு தரம் கேட்டான். கதிரறுவாள் பட்டுவிட்டது என்றாள். பார்த்து வேலை செய்யக்கூடாதா என்று புத்தி சொன்னான். ஆபரேஷனுக்குப் பரிசாக ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை பிளாஸ்டிக் வாளியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில் அச்சடித்திருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, ஆத்தா வாங்கிக் கொடுத்தது என்றாள். அந்த வாளியில்தான் மாயன் தினமும் குளித்தான். அதற்குப் பிறகு பிள்ளையே பிறக்கவில்லையே என்று யாராவது கேட்டால், பொடவில் இருந்த பதினோரு நாளில் தனக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டதாகச் சொல்லி, கல்யாணமாகாத பையன்களுக்கு அதைப் பற்றி உபதேசமும் செய்தான். உபதேசத்தை முடித்துவிட்டு வந்து அரசாங்க வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்வான்.

இதையெல்லாம் கந்தம்மாள் சிரித்துக்கொண்டே பொறுத்துப் போயிருப்பாள். பொறுக்க முடியாதது அகப்பை.

தைப்பூசத்துக்கு மேல்மலை ஊர்களிலிருந்து காவடி எடுத்து நடந்தே பழனிக்கு இறங்குகிறவர்களுக்கு, பேத்துப்பாறையில் ஊரே சேர்ந்து பருப்புச்சோறு ஆக்கிப் போடும். ஆக்குவது எல்லாப் பெண்களும். பரிமாறும் அகப்பையைப் பிடிப்பது ஒரே ஒருத்தி. அது கைராசி பார்த்துக் கொடுக்கிற அகப்பை. எழுபத்தாறு வரைக்கும் அது கந்தம்மாள் கையில்தான் இருந்தது. அடுத்த தையில் அவள் அண்டாவுக்குப் பக்கத்தில் போனபோது, ஊர்த்தலைவர் திருமலைச்சாமியின் மனைவி விசாலாட்சி அகப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கட்டுனவனையே பட்டினி போட்டுட்டு ஆத்தா வீட்ல போயி உக்காந்திருந்த கை. சாமி காரியம் பாரு, நீ வெங்காயத்த உரி" என்றாள். அன்றிலிருந்து ஏழு தைப்பூசம் வெங்காயம் உரித்துவிட்டாள் கந்தம்மாள். கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்காத வேலை அது ஒன்றுதான்.

எட்டாவது தைப்பூசத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது ஜெபதுரை வந்து சேர்ந்தான்.

ஜெபதுரை அட்டுவம்பட்டிக்காரன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் கைடு. ஊரிலுள்ள அருவி, பாறை, பள்ளத்தாக்கு எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பத்துப் பத்து கைடுகள் இருந்ததால், யாரும் காட்டாத இடம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். டீக்கடையில் மாயன் கதையைக் கேட்டதும் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. மாதா கோயிலில் வளர்ந்த பிள்ளைக்குப் பாறையில் ஓட்டை இருந்தால் அது கெபி. 'மாயன் கெபி' என்று சுருக்கி, இங்கிலீஷில் 'மாயன் கேவ்' என்று ஒரு அட்டையில் டைப் அடித்து, வெள்ளைக்காரர்கள் தங்கும் லாட்ஜுகளில் எல்லாம் கொடுத்து வைத்திருந்தான். ஒரு வருஷமாக ஈ காக்கை வரவில்லை. இப்போது ஒரு அமெரிக்க அம்மாள் வந்திருந்தாள்.

"டால்டன்னு பேரு, அக்கா. ரிட்டயர்ட் டீச்சர்" என்றான் கந்தம்மாளிடம். "அட்டையப் பாத்ததும் துள்ளிக் குதிச்சுட்டாங்க. அமெரிக்காவுக்குக் கீழ மாயன்னு ஒரு சனம் ஆயிரம் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே இருந்துச்சாம். ராஜா, கோயிலு, பஞ்சாங்கம் எல்லாம் வச்சிருந்தாங்களாம். போன வருசந்தான் அதையெல்லாம் போயிப் பாத்துட்டு வந்தாங்களாம். அந்த மாயனுங்க இங்கயும் வந்திருக்காங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன தம்பி சொன்ன?"

"எஸ்னு சொன்னேன்."

டூரிஸ்டிடம் 'இல்லை', 'தெரியாது' என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்வதில்லை என்று ஜெபதுரை ஒரு கொள்கை வைத்திருந்தான். கர்த்தரின் கட்டளைகளில் சிலவற்றை அவன் மறந்திருக்கலாம். இதை மறந்ததில்லை.

மாயனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பேர்ல அமெரிக்காவுல ஒரு சனமே இருக்கா?" என்று பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான்.

"இருக்கு மாமா. ஆனா நாளைக்கு ஒருநாள் மட்டும் உங்க பேரு மாயன் இல்ல. மணியன். வழிகாட்டி மணியன். வாயத் தெறக்கக் கூடாது. மாயன் செத்து ஆயிரம் வருசம் ஆச்சு."

"எங்கப்பன் வச்ச பேருடா, ஏலே."

"நாளான்னைக்குத் திருப்பிக் குடுத்துர்றேன்" என்றான் ஜெபதுரை.

பொடவுக்கு வழி தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். மாயன் பாதை காட்டுவது, கந்தம்மாள் மத்தியானச் சாப்பாட்டுக் கூடையைச் சுமப்பது என்று ஏற்பாடு. அவள் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றதில் மாயனுக்கே ஆச்சரியம். அவளுக்கு வேறு சோலி இருந்தது. அந்த ஆறு கோடுகளை அவள் இதுவரை பார்த்ததில்லை. அவனைக் கூட்டி வந்த நாளன்று வாசலிலேயே நின்றுவிட்டாள். அவற்றைப் பற்றிக் கேட்டது மட்டும் ஏழரை வருஷம். சுவரில் இருக்கிற வரைக்கும்தானே சாட்சி. எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்த கூடையில், ஈரத்துணி ஒன்றையும் முறுக்கி வைத்துக்கொண்டாள். எல்லாரும் அந்தாண்டை பார்க்கிற சமயத்தில் நாலு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது.

மறுநாள் காலையில் புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடந்தது. டால்டன் அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியாக, நெடுநெடுவென்று, முழங்கால் வரை பூட்ஸ், கழுத்தில் காமிரா, கையில் ஒரு நோட்டு. எதைப் பார்த்தாலும் எழுதினாள். எழுதுவதற்கு ஜெபதுரை குறை வைக்கவில்லை. காட்டெருமை நடந்து நடந்து தேய்ந்த தடத்தைக் காட்டி மாயன் ராஜபாட்டை என்றான். போன மழைக்குச் சரிந்த பாறைகளைக் காட்டிக் கோட்டை என்றான். ஓடையில் மக்கிப்போன ஒற்றைச் செருப்பு ஒன்று வேரில் சிக்கிக் கிடந்தது. அந்த அம்மாள் குனிந்து அதைக் குச்சியால் புரட்டி ஏதோ கேட்டாள். ஜெபதுரை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஒன்று சொன்னான். அவளும் எழுதிக்கொண்டாள்.

"என்னடா சொன்ன?" என்றான் மாயன், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே.

"காணிக்கைன்னு சொன்னேன் மாமா. பேசாம வாங்க."

கந்தம்மாள் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு திருப்பமும் காலுக்கு ஞாபகம் இருந்தது. இந்த வேரில் உட்கார்ந்துதான் அன்றைக்கு மூச்சு வாங்கினாள். இந்த மேட்டில் தையல் போட்ட இடம் இழுத்த இழுப்பில் அம்மா என்று வாய்விட்டுக் கத்தினாள். கேட்பதற்கு ஒரு குருவிகூட இல்லை. முன்னால் மணியன் என்கிற மாயன் கையை வீசிக்கொண்டு, தான் ஓடிவந்த பாதையில் ராஜா மாதிரி போய்க்கொண்டிருந்தான். அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன, கூடை தலையில் இருந்தது.

பொடவின் வாசல் குனிந்து போகிற உயரம். உள்ளே பத்துப் பேர் உட்காரலாம். வௌவால் நாற்றம். ஜெபதுரை வாசலில் நின்றபடி அந்த அம்மாளிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தான். மாயனும் வாயைப் பிளந்து, தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருந்தான். கந்தம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். துணியை எடுத்தாள். கண் இருட்டுக்குப் பழகியதும் சுவர் தெரிந்தது.

ஐந்து புள்ளி. அதற்குப் பக்கத்தில் ஆறு கோடு. புள்ளிகளைச் சும்மா தொட்டு வைத்திருந்தான். கோடுகளை மட்டும் கரி ஒடிய ஒடிய, அழுத்தி அழுத்திப் போட்டிருந்தான். கடைசிக் கோட்டுக்கு வந்தபோது கையில் தெம்பில்லை போல, பாதியில் வளைந்து கீழே இறங்கியிருந்தது. பாவி மனுஷன், நிஜமாகவே பசித்துத்தான் கிடந்திருக்கிறான். அதற்காகத் துணியைக் கீழே போட்டுவிடவில்லை. முதல் கோட்டின் மேல் வைத்துவிட்டாள்.

அவள் மணிக்கட்டை ஒரு எலும்புக்கை பிடித்தது. டால்டன் அம்மாள் மூச்சிறைக்க நின்றாள். ஏதோ கத்தினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு டார்ச்சை அடித்துச் சுவரைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தம்பி ஆச்சு இந்தம்மாவுக்கு?" என்றாள் கந்தம்மாள்.

ஜெபதுரையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. தான் விட்ட சரடு நிஜமாகிவிடுமோ என்கிற பயம் அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவை. "அந்த மாயனுங்களும் இப்பிடித்தான் எழுதுவாங்களாம் அக்கா. புள்ளி வச்சா ஒண்ணு, கோடு போட்டா அஞ்சு. அஞ்சு புள்ளி, ஆறு கோடு, முப்பத்தஞ்சுங்கறாங்க. எதுல முப்பத்தஞ்சுன்னு என்னையக் கேக்குறாங்க."

மாயன் அதுவரை வாயைத் திறக்காமல் இருந்ததே பெரிய காரியம். தன் பேரைப் பிடுங்கிக்கொண்டதைப் பொறுத்தான். செருப்பைக் காணிக்கை என்றதைப் பொறுத்தான். கணக்கில் கை வைத்ததை மட்டும் பொறுக்க முடியவில்லை.

"எதுல முப்பத்தஞ்சு? பதினோரு நாளுடா. போட்டவனுக்குத் தெரியாதா" என்று அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். விரலால் சுவரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். "இந்தாங்கம்மா, இந்தப் புள்ளியெல்லாம் பொண்டாட்டி சோறு கொண்டாந்த நாளு. இந்தக் கோடெல்லாம் பட்டினி போட்ட நாளு. ஆறு நாளு. எண்ணிப் பாருங்க. சொல்றா அவங்களுக்கு."

ஜெபதுரை எச்சிலை விழுங்கிவிட்டு மொழிபெயர்த்தான். புள்ளி என்றால் ராணி சோறு கொண்டுவந்த நாள், கோடு என்றால் ராணி வராத நாள், ராஜா தனியே உபவாசம் இருந்திருக்கிறார் என்று சொன்னதாகக் கந்தம்மாளிடம் மெதுவாகச் சொன்னான். டால்டன் அம்மாள் வெகு நேரம் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சுவரை இன்னொரு முறை பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். சின்னக் கேள்வி.

ஜெபதுரை திரும்பினான். "ராணி ஏன் ஆறு நாளு வரலன்னு கேக்குறாங்க."

ஏழரை வருஷமாக இந்த ஊரில் கந்தம்மாள் வராததைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. டீக்கடை பேசியது, குழாயடி பேசியது, விசாலாட்சி அகப்பையை இழுத்துக்கொண்டு பேசினாள். ஏன் வரவில்லை என்று ஒரு நாய்கூடக் கேட்டதில்லை. கட்டின புருஷன் கேட்டதில்லை. அமெரிக்காவிலிருந்து ஒருத்தி கப்பலோ ஏரோப்ளேனோ ஏறி வந்து, அதுவும் செத்துப்போன ஏதோ ஒரு ராணிக்காகக் கேட்டாள்.

"அவ நெஞ்சழுத்தக்காரி. ஆத்தா வீட்ல போயி உக்காந்துக்கிட்டா. அப்பிடிச் சொல்லு" என்றான் மாயன்.

"நீங்க சும்மாருங்க" என்றாள் கந்தம்மாள். "கேள்வி ராணியத்தான கேட்டிருக்காங்க. நாஞ் சொல்றேன். தம்பி, நான் சொல்றத அப்பிடியே சொல்லணும், உன் சரக்க அதுல கலக்கக் கூடாது."

ஜெபதுரை தலையாட்டினான்.

"ராஜா பயந்துபோயி பொடவுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாரு. கேம்ப்புக்காரங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. ராஜா இல்லன்னா நீ வா, இல்லன்னா குடிசையப் பிரிச்சுருவோம்னாங்க. ராணி போனா. வயித்தக் கீறித் தச்சாங்க. தையல் பிரிக்க ஆறு நாளு ஆச்சு. எந்திரிச்சு ஒண்ணுக்குப் போக ஆளு பிடிக்கணும், பொடவுக்கு எங்கிட்டு வர்றது? பிரிச்ச மறுநாளு வெள்ளனே இங்க வந்தா. அந்த மேட்டுல நின்னு அழுதா. இதையும் சொல்லு."

ஜெபதுரைக்குக் காலையிலிருந்து கோட்டை, ராஜபாட்டை என்று தண்ணீர் மாதிரி வந்த இங்கிலீஷ் இப்போது வரவில்லை. கடைசியில் இரண்டே வார்த்தை சொன்னான். அதில் 'ஆபரேஷன்' மட்டும் கந்தம்மாளுக்குப் புரிந்தது. டால்டன் அம்மாளின் கண் விரிந்தது. இரண்டு பக்கம் எழுதினாள். பழைய மாயன்களுக்கு வயிற்றைத் திறந்து வைத்தியம் பார்க்கத் தெரிந்திருந்தது என்பது அன்றைக்கு அந்த நோட்டில் பதிவாகிவிட்டது.

மாயன் மட்டும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் விரல் ஆறாவது கோட்டின் மேலேயே இருந்தது.

"கதிரறுவா பட்டதுன்னு சொன்ன" என்றான் கடைசியில்.

"சொன்னேன்."

"வாளி?"

"அவங்க குடுத்ததுதான். முக்கோணத்தத் தேச்சு எடுத்துட்டேன்."

எல்லாரும் சாப்பிட்டார்கள். டால்டன் அம்மாள் உருளைக்கிழங்கு வறுவலை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மாயன் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது கூடையை அவளுக்கு முன்னால் அவன் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் அவன் கூடை சுமந்து கந்தம்மாள் பார்த்ததில்லை. சும்மாடு வைக்கத் தெரியாமல் வழியெல்லாம் கூடை சரிந்துகொண்டே வந்தது. அவள் உதவிக்குப் போகவில்லை. அவள் அழுததாகச் சொன்ன மேட்டுக்கு வந்ததும் நின்றான்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?" என்றாள்.

அடுத்த மூன்று நாள் மாயன் டீக்கடைக்குப் போகவில்லை. நாச்சிமுத்து உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்து ஆளனுப்பினான். வீட்டில் அவன் குளிக்கும்போது வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கந்தம்மாள் தட்டி மறைப்பின் சந்து வழியாகப் பார்த்தாள். செங்கல் பொடி போட்டுத் தேய்த்த இடத்தில் வெயில் சாய்வாக விழுந்தால் முக்கோணம் மங்கலாகத் தெரியும். ஏழரை வருஷமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. இனி என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டால் அவன் பெருமை அப்படியே இருக்கும், அவள் வெங்காயமும் அப்படியே இருக்கும். இத்தனை காலம் அவனுக்காகப் பயந்தவள், இப்போது தனக்காகப் பயந்தாள்.

தைப்பூசத்துக்கு முன்தினம் காலையிலேயே காவடிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அண்டாவில் பருப்புச்சோறு கொதித்தது. கந்தம்மாள் அரைச் சாக்கு வெங்காயத்தை உரித்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விசாலாட்சி அகப்பையோடு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். பந்தியில் தையல் இலைகளைப் போட்டாகிவிட்டது. அப்போது மாயன் வந்தான். கையில் பச்சை வாளி. நேரே போய் அண்டாவுக்கு முன்னால், எல்லாரும் பார்க்கிற மாதிரி அதைக் கவிழ்த்து வைத்தான்.

"மாயா, வா வா" என்றார் திருமலைச்சாமி, பந்தியின் தலைமாட்டிலிருந்து. "சாமிமாருக்கு அந்தக் கதையச் சொல்லு. கவர்மெண்டையே ஏமாத்துன கத."

மாயன் தொண்டையைச் செருமினான். "எங்க ஏமாத்துனேன் தலைவரே? கவர்மெண்டு எங்க வீட்டுக்கு வந்து ஆளப் பிடிச்சிருச்சு. எனக்குப் பதிலா இவளப் பிடிச்சிருச்சு. பொடவுக்குள்ள நான் பேரிக்காய் தின்னுக்கிட்டுக் கெடந்த ஆறு நாளும், இவ வயித்துல தையலோட ஆஸ்பத்திரில கெடந்திருக்கா. ஆத்தா வீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்குக் குடுத்த வாளிதான் இது. இத்தன வருசமா இதுல குளிச்சுக்கிட்டுத்தான் நான் உங்ககிட்ட வந்து பேசிக்கிட்டிருந்தேன்."

சொல்லி முடித்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். நாச்சிமுத்து சிரிக்க வாயெடுத்தான், பக்கத்திலிருந்தவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். விசாலாட்சி குனிந்து வாளியைப் பார்த்தாள். தேய்த்த இடத்தை விரலால் தடவினாள். பட்டியலில் இரண்டாவது பேர் திருமலைச்சாமியுடையது.

"எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு" என்றாள் மெதுவாக. "தேய்க்கத் தோணல. உள்ள போட்டு வச்சிருக்கேன்."

அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஊர்த்தலைவர் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அகப்பையை முந்தானையால் ஒரு துடை துடைத்து, காம்பு கந்தம்மாள் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

கந்தம்மாள் கையை மறுபடியும் கழுவினாள். வெங்காய நாற்றம் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று அகப்பையை வாங்கிக்கொண்டாள். காவடிக்காரர்கள் நாற்பது பேருக்கும் பரிமாறினாள். ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. பந்தியின் கடைசி இலைக்கு முன்னால் மாயன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். டீக்கடையில் இனி அவனுக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை. ஏழரை வருஷத்துக்குப் பிறகு வெறும் ஆளாக உட்கார்ந்திருந்தான். அவனை அப்படிப் பார்த்தபோது அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, பரம சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

ஒரு அகப்பை வைத்தாள். இன்னொன்று வைத்தாள். மூன்றாவதற்கு அவன் நிமிர்ந்து பார்த்தான். நாலாவது அகப்பையில் சோறு இலையைத் தாண்டித் தரைக்கு வரப் பார்த்தது. இரண்டு கையாலும் இலையை மறைத்தான்.

"போதும்" என்றான்.

"கைய எடுங்க" என்றாள் கந்தம்மாள். "இன்னும் ரெண்டு கோடு பாக்கி கெடக்கு."